நடுநிலை வகுப்புகளில் மாதிரிச் செயற்கைக்கோள் வடிவமைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

பதிவு 1: அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு விண்வெளிப் பாடம் முடிந்ததும் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கொரு மாதிரிச் செயற்கைக்கோளைச் செய்து வரச் சொன்னேன். எட்டுக் குழுக்கள் எட்டு மாதிரிகளைக் கொண்டுவந்தன. எட்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாகவே இருந்தன. ஓர் அட்டைப் பெட்டி, அதைச் சுற்றிப் பொன்னிறத் தாள், இருபுறமும் நீலக் கட்டம் வரைந்த சிறகுகள், உச்சியில் ஒரு கிண்ணம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தன. ஆனால் "இந்தச் சிறகு ஏன் இவ்வளவு நீளம்?" என்று ஒரு குழுவிடம் கேட்டபோது, "படத்தில் அப்படித்தான் இருந்தது, டீச்சர்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கொடுத்த பணியே அப்படிப்பட்டதாக இருந்தது.

இந்த ஆண்டு நாற்பது நிமிட வகுப்புகள் பத்து கிடைத்திருக்கின்றன. மாணவர்கள் 32 பேர். வயது 11 முதல் 13 வரை. மின்னணுப் பொருள்கள் எங்களிடம் மிகக் குறைவு. எங்கிருந்து தொடங்குவது, எந்த அளவுக்கு இயற்பியலைக் கொண்டுவருவது, எதற்கு மதிப்பெண் கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2: சுற்றுப்பாதை

வணக்கம் அம்மா. செயற்கைக்கோள்களின் கட்டமைப்பு, வெப்பக் காப்பு ஆகிய பிரிவுகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் எட்டு மாதிரிகளும் ஒன்றாக இருந்ததற்குக் காரணம், எட்டுக்கும் வேலை ஏதும் கொடுக்கப்படவில்லை என்பதே. செயற்கைக்கோளின் உருவத்தை அதன் வேலைதான் தீர்மானிக்கும். ஆகவே முதல் வகுப்பில் கத்தரிக்கோலையும் பசையையும் மேசைக்கு வரவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதட்டும்: எதை அளக்கப் போகிறோம், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அளக்கப் போகிறோம், அந்தத் தகவல் யாருக்கு வேண்டும். "காட்டுத்தீயைக் கண்டுபிடிப்போம்" என்பது போதாது. "தீ பரவும் பகுதியை நாளுக்கு இருமுறை படமெடுத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு அனுப்புவோம்" என்று எழுதிவிட்டால், புகையை ஊடுருவிப் பார்க்க அகச்சிவப்புக் கேமரா வேண்டுமா, தாழ்வான சுற்றுப்பாதை வேண்டுமா என்ற கேள்விகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

சுற்றுப்பாதையைப் பற்றி ஒரே ஒரு செய்முறை போதும். 30 செ.மீ. விட்டமுள்ள பூமி உருண்டையை மேசைமேல் வைத்து, பன்னாட்டு விண்வெளி நிலையம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான மாணவர்கள் ஒரு முழம் தள்ளிக் காட்டுவார்கள். ஏறக்குறைய 400 கி.மீ. உயரம் அந்த அளவுகோலில் 1 செ.மீ.கூட ஆகாது, பூமியின் ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் சுற்றுப்பாதையின் 35,786 கி.மீ. மட்டும் 84 செ.மீ. தள்ளிப் போகும். கிண்ண வடிவ ஆண்டெனாவை எல்லாக் குழுக்களும் ஏன் வைத்தன என்பதை இங்கேயே பேசிவிடலாம். தொலைவு கூடக்கூட, அலைகளைக் குவித்து அனுப்ப வேண்டிய தேவையும் கூடுகிறது. தாழ்வாகப் பறக்கும் சிறிய செயற்கைக்கோள்கள் பல, வெறும் கம்பி போன்ற ஆண்டெனாவைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்கின்றன.

அடுத்ததாக மூன்று வரவுசெலவுக் கணக்குகளைக் கொடுங்கள்: நிறை, மின்சாரம், தகவல். எங்கள் துறையில் பாதிச் சண்டைகள் இந்த மூன்றைச் சுற்றியே நடக்கும். உங்கள் வகுப்பிலும் அந்தச் சண்டை நடந்தால்தான் வடிவமைப்பு நடக்கிறது என்று பொருள்.

பதிவு 3: கணக்கு நோட்டு

மின்சாரக் கணக்கை நடுநிலை மாணவர்களால் செய்ய முடியுமா என்று யாரும் தயங்க வேண்டாம். நான் செய்ய வைத்திருக்கிறேன். பூமியின் அருகே சூரிய ஒளிக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1361 வாட் விழுகிறது. 10 செ.மீ. பக்கமுள்ள சதுரம் அதில் நூறில் ஒரு பங்கு, எனவே 13.6 வாட். சூரியத் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றுகிறது என்று கொண்டால் 2.7 வாட் கிடைக்கும். வகுத்தலும் சதவீதமும் தெரிந்த எவருக்கும் இது எட்டும்.

இதைவிடச் சுவையான பகுதி சாய்வு. கோசைன் என்ற சொல்லே இல்லாமல் அதைக் கற்பிக்க நிழல் போதும். 10 செ.மீ. கனசதுரம் ஒன்றை வெயிலில் பிடித்து, கதிர்களுக்குச் செங்குத்தாக வைத்த கட்டத்தாளில் நிழலை விழச் செய்து, நிழலுக்குள் அடங்கும் கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். அந்த நிழலின் பரப்புதான் பெட்டி மறித்துக்கொள்ளும் வெயிலின் அளவு. ஒரு முகம் சூரியனுக்கு நேராக இருந்தால் 100 சதுர செ.மீ. வரும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு மூலை சூரியனை நோக்கும்போது நிழல் அறுகோணமாக விரிந்து ஏறத்தாழ 173 சதுர செ.மீ. ஆவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எந்த நிலையிலும் மூன்று முகங்களுக்கு மேல் வெயில் படாது என்பதையும் ஒரு மாணவி யாரும் கேட்காமலேயே எழுதிக் கொடுத்தாள். ஆறு முகங்களிலும் தகடு ஒட்டினால் ஆறு மடங்கு மின்சாரம் கிடைக்கும் என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த குழு அவளுடைய குழுதான்.

இரவையும் மறந்துவிடக் கூடாது. 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 92 நிமிடம். அதில் 36 நிமிடம் வரை பூமியின் நிழலில் கழியலாம். நான் ஒரு சுற்றைப் பத்துக் கட்டமாகப் பிரித்து ஆறு கட்டம் பகல், நான்கு கட்டம் இரவு என்று விளையாட்டாக நடத்துகிறேன். கணினி எப்போதும் ஒரு மின்சாரப் புள்ளி தின்னும். கேமராவுக்கு மூன்று, வானொலிக்கு நான்கு. பேட்டரி காலியானால் கோள் செத்தது. முதல் சுற்றிலேயே பாதிக் குழுக்கள் செத்துப்போகும். இரண்டாம் சுற்றில் யாரும் கேமராவை இரவில் இயக்குவதில்லை.

பதிவு 4: மின்கம்பி

மேலே சொன்னவை நல்ல பயிற்சிகளே. இருந்தாலும் அட்டைப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது மாணவர்களை ஏமாற்றுவதாகும் என்பது என் கருத்து. இன்று ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பலகையும், அழுத்தமும் வெப்பமும் அளக்கும் ஓர் உணரியும் உள்ளங்கையில் அடங்கிவிடுகின்றன. அதை மாடிப்படியில் ஏற்றி இறக்கினாலே, ஏறத்தாழ 8 மீட்டருக்கு 1 ஹெக்டோபாஸ்கல் வீதம் காற்றழுத்தம் குறைவதை வரைபடத்தில் காணலாம். அமெரிக்கப் பேராசிரியர் பாப் ட்விக்ஸ் 1998இல் முன்வைத்த கேன்சாட் என்னும் எண்ணம் இதுதான்: ஒரு குளிர்பானக் குவளைக்குள் செயற்கைக்கோளின் உறுப்புகள் அனைத்தையும் அடக்கி, மேலிருந்து விழவிட்டுத் தகவலைப் பெறுவது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கேன்சாட் போட்டியில் 66 மி.மீ. விட்டம், 115 மி.மீ. உயரம், 300 முதல் 350 கிராம் வரை நிறை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உண்மையான எண்ணைக் கண்ணால் பார்க்காத மாணவன் எதை வடிவமைத்தான் என்று சொல்வது?

பதிவு 5: பசைக்குப்பி

கைவினை ஆசிரியனாகச் சொல்கிறேன், நண்பரே. கேன்சாட் போட்டிகள் பெரும்பாலும் உயர்வகுப்பு மாணவர்களுக்கானவை. பத்து வகுப்புகளில், 32 பேருக்கு நடுவே நான்கு பலகைகளை வைத்தால், நான்கு பேர் நிரல் எழுதுவார்கள். இருபத்தெட்டுப் பேர் அவர்களுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார்கள். நிரல் ஓடாத நாளில் வகுப்பு முழுவதும் கம்பியைச் சரிபார்ப்பதிலேயே கரைந்துவிடும். ஒருமுறை எனக்கு அப்படியே நேர்ந்தது. தளர்ந்திருந்த ஒரே ஒரு இணைப்பைக் கண்டுபிடிக்க முப்பது நிமிடம் போயிற்று. அன்று மாணவர்கள் கற்றுக்கொண்டது பொறுமை மட்டுமே.

அட்டையை ஏளனம் செய்ய வேண்டாம். அட்டை உடனே வெட்டப்படும், உடனே தவறும், உடனே மாற்றப்படும். ஒரே வகுப்பில் மூன்று முறை வடிவமைப்பை மாற்றிப் பார்க்க வேறு எந்தப் பொருள் இடம் தரும்?

பதிவு 6: சுற்றுப்பாதை

இருவரும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் "மாதிரி" என்ற சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. எங்கள் துறையில் பறக்கப்போகும் கோளைக் கட்டுவதற்கு முன் பல மாதிரிகளைக் கட்டுவது வழக்கம். கட்டமைப்பின் உறுதியையும் வெப்பநிலையையும் சோதிக்க ஒன்று கட்டுவோம். அதில் கருவிகளுக்குப் பதிலாக அதே நிறையுள்ள போலிப் பெட்டிகள் இருக்கும். மின்சுற்றுகளைச் சோதிக்க மேசைமேல் பரப்பி வைத்த மாதிரி ஒன்று தனியாக இருக்கும். ஒரே மாதிரி எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. ஆகவே ஆசிரியை அவர்கள் ஒவ்வொரு குழுவுக்கும் அட்டையில் கட்டமைப்பு மாதிரியையும், வகுப்பு முழுவதற்கும் பொதுவாக மின்கம்பி அவர்கள் சொல்லும் உணரிப் பலகை ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். கட்டமைப்பு மாதிரியில் பேட்டரிக்கும் கேமராவுக்கும் பதிலாகக் கோலிக்குண்டுகளை ஒட்டினால் நிறைக் கணக்கும் உண்மையாகிவிடும்.

கியூப்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளுக்கான 10 செ.மீ. கனசதுர அளவை ட்விக்ஸ் அவர்களும் பேராசிரியர் ஜோர்டி புயிக்-சுவாரி அவர்களும் 1999இல் வகுத்தபோது, பொம்மை வைத்து விற்கும் ஒளிபுகும் பெட்டி ஒன்றைக் கண்டுதான் அந்த அளவு தோன்றியதாக ட்விக்ஸ் சொல்லியிருக்கிறார். அப்பெட்டியின் வழிவந்த கோள்கள் 2003 ஜூனில் முதன்முதலாகச் சுற்றுப்பாதைக்குப் போயின. அட்டைப் பெட்டியைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இனிப் பொன்னிறத் தாள். அது பொன் என்று மாணவர்கள் நம்பிக்கொண்டிருந்தால் திருத்திவிடுங்கள். பெரும்பாலும் அது மஞ்சள் பழுப்பு நிறமுள்ள பாலிஇமைடு என்னும் மெல்லிய நெகிழிப் படலம். பின்புறம் பூசிய அலுமினியம் அதன் வழியே மின்னுவதால் பொன்போல் தோன்றுகிறது. இப்படிப் பல படலங்களை இடைவெளி விட்டு அடுக்குவதால் வெப்பம் உள்ளேயும் வெளியேயும் எளிதில் போக முடிவதில்லை.

பளபளப்பானது வெயிலில் குளிர்ச்சியாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். விண்வெளியில் காற்று இல்லாததால், பெற்ற வெப்பத்தைக் கதிர்வீச்சாக உமிழ்ந்துதான் தீர்க்க முடியும். மெருகேற்றிய வெற்று அலுமினியம் வெயிலைக் குறைவாக உறிஞ்சுகிறது என்பது சரியே. ஆனால் அகச்சிவப்பை உமிழ்வதில் அது இன்னும் பெரிய கஞ்சன். ஆகவே அது மிகவும் சூடேறிவிடும். வெண்ணிறப் பூச்சோ குறைவாக உறிஞ்சி நிறைய உமிழ்வதால் குளிர்ச்சியாக இருக்கும். மூன்று தகர டப்பாக்களில் கருப்பு, வெள்ளை, பளபளப்பு என்று வைத்து வெயிலில் அளக்கும் சோதனை எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். அதில் காற்றும் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் தவறான முடிவோடு வீடு திரும்புவார்கள்.

வாயு வெப்பத்தைச் சுமந்து செல்லும் என்பதற்கு, உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1 நல்ல எடுத்துக்காட்டு. 1957 அக்டோபர் 4 அன்று ஏவப்பட்ட அந்த 58 செ.மீ. உருண்டையின் நிறை 83.6 கிலோ. அதன் உள்ளே ஒரு மின்விசிறி இருந்தது. காற்றில்லாத வெளியில் விசிறி எதற்கு என்று வகுப்பில் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் மௌனமாக இருங்கள். உருண்டையை இறுக மூடி உள்ளே நைட்ரஜன் வாயுவை அடைத்திருந்தார்கள் என்பதை யாராவது ஒருவர் ஊகித்துவிடுவார்.

பதிவு 7: அறிவியல் ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. கோள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைக் கற்பிக்க ஒரு தடித்த புத்தகத்தை மூன்று அச்சுகளிலும் சுழற்றி மேலே எறிந்து காட்டலாம் என்று நினைக்கிறேன். நடு அச்சில் (மிக நீளமும் மிகக் குட்டையும் அல்லாத இடைப்பட்ட அச்சில்) எறியும்போது அது கரணம் அடிக்கிறது. அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1 கோளுக்கும் இதேதான் நடந்தது என்று எங்கோ படித்த நினைவு.

பதிவு 8: சுற்றுப்பாதை

இரண்டும் வேறு வேறு, அம்மா. புத்தகம் கரணம் அடிப்பது நடு அச்சின் நிலையாமையால். உடனே, ஆற்றல் இழப்பு ஏதும் இல்லாமலேயே அது நிகழும். 1958இல் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 1 பென்சில் போல நீண்ட உருவம் கொண்டது. நீள அச்சைச் சுற்றிச் சுழலட்டும் என்று அனுப்பினார்கள். கெட்டியான ஒரு பொருளாக மட்டும் இருந்திருந்தால் அப்படியே சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நான்கு வளையும் ஆண்டெனாக்கள் அசைந்து அசைந்து சுழற்சி ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கின. ஆற்றல் குறைந்தது, கோண உந்தம் குறையவில்லை. எனவே அது மெல்லத் திரும்பி, தூக்கி எறிந்த குச்சிபோலக் குறுக்கே சுழலத் தொடங்கியது. உங்கள் மாணவர்களுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். மெல்லிய ஆண்டெனாகூடக் கோளின் நடத்தையை மாற்றிவிடும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் கோலிக்குண்டுகளை இடம் மாற்றச் சொல்லுங்கள்.

பதிவு 9: கணக்கு நோட்டு

மூன்றாவது கணக்கான தகவலை யாரும் தொடவில்லை. நொடிக்கு 9600 பிட் அனுப்பும் வானொலியில் ஒரு மெகாபைட் படத்தை இறக்க ஏறக்குறைய 14 நிமிடம் பிடிக்கும். தாழ்வாகப் பறக்கும் கோளோ ஒருமுறை தலைக்கு மேல் போகும்போது அதிகபட்சம் பத்து நிமிடமளவே கண்ணில் படும். ஆக, படம் முழுதாக வந்து சேராது.

இதை வகுப்பில் நடத்த மின்னணுக் கருவி எதுவும் வேண்டாம். 16க்கு 16 கட்டத்தில் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஒரு மாணவரிடம் கொடுங்கள். எதிர் மூலையில் இருக்கும் மாணவர் வெற்றுக் கட்டத்தை வைத்திருக்கட்டும். நொடிக்கு ஒரு சொல் வீதம் சொன்னால் 256 நொடி ஆகும். நேரமோ இரண்டே நிமிடம். சில குழுக்கள் படத்தைச் சுருக்கும். சில குழுக்கள் நடுப்பகுதியை மட்டும் அனுப்பும். "ஏழு வெள்ளை, மூன்று கருப்பு" என்று சேர்த்துச் சொல்லலாம் என்பதை ஏதாவது ஒரு குழு கண்டுபிடித்தே தீரும். அப்போது நீங்கள் மேசையைத் தட்டிச் சத்தம் எழுப்புங்கள். ஓர் எண் தவறினாலும் அதற்குப் பின் உள்ளவை எல்லாம் நகர்ந்துபோய்ப் படம் சிதறிவிடும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் "பதினாறு சரியா?" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை அவர்களே ஏற்படுத்திக்கொள்வதைப் பார்க்க எனக்கு ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சியாக இருக்கும்.

பதிவு 10: எட்டாம் வகுப்பின் அம்மா

பெற்றோர் தரப்பிலிருந்து இரண்டு வேண்டுகோள்கள். முதலாவதாக, மாதிரியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வந்தால் அதை நாங்கள்தான் செய்வோம். சென்ற முறை என் மகளின் "மாதிரி"யை இரவு பதினொரு மணிக்கு நான் ஒட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதாக, குழுவில் பெண்களுக்குத் தாள் ஒட்டி அலங்கரிக்கும் வேலையும், ஆண்களுக்குப் பேட்டரியும் கம்பியும் என்று தானாகவே பிரிந்துவிடுகிறது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஆனாலும் அப்படித்தான் ஆகிறது.

பதிவு 11: பசைக்குப்பி

இரண்டாவது வேண்டுகோளை நானும் வழிமொழிகிறேன். நிறைக் கணக்காளர், மின்கணக்காளர், தகவல் பொறுப்பாளர், கட்டுநர் என்று நான்கு பொறுப்புகளை வைத்து, இரண்டு வகுப்புக்கு ஒருமுறை கட்டாயமாக மாற்றுங்கள். அலங்காரம் என்ற பொறுப்பே இருக்கக் கூடாது.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழகுக்கு மதிப்பெண் வைத்தால் பெட்டி அழகாகும், வேறொன்றும் நடக்காது. ஒவ்வொரு குழுவும் மாற்றக் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கட்டும்: எதை மாற்றினோம், எதைப் பார்த்த பிறகு மாற்றினோம். என் வகுப்பில் பாதி மதிப்பெண் அந்தக் குறிப்பேட்டுக்குத்தான். பத்து வகுப்புகளில் ஆறாவதையொட்டி ஒரு குழு மற்றொரு குழுவிடம் கேள்வி கேட்கும் ஆய்வுக் கூட்டம் ஒன்றையும் நடுவில் வைக்கலாம்.

பதிவு 12: மின்கம்பி

என் எதிர்ப்பை முழுவதுமாக விலக்கிக்கொள்ளவில்லை. பொதுப் பலகை ஒன்று என்ற ஏற்பாட்டை ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்: சிறிய சூரியத் தகட்டை வகுப்பறை விளக்கின் கீழே வைத்துச் சோதிக்காதீர்கள். அறை வெளிச்சம் நண்பகல் வெயிலில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. "தகடு கெட்டுவிட்டது" என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். வெயிலுக்குக் கொண்டுபோங்கள்.

பதிவு 13: அறிவியல் ஆசிரியை

ஆறு வகுப்புகள் முடிந்த நிலையில் எழுதுகிறேன். முதல் வகுப்பில் கத்தரிக்கோல் இல்லை என்றதும் பெரும் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் எட்டுக் குழுக்களும் எட்டு விதமான வாக்கியங்களை எழுதின. கடலின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கும் குழு, இரவு வெளிச்சத்தைப் படமெடுக்கும் குழு, விலங்குகளின் கழுத்தில் கட்டிய கருவிகளின் சைகைகளைக் கேட்கும் குழு ஆகியவை அவற்றுள் சில. கடைசிக் குழுவுக்குக் கேமராவே தேவையில்லை என்று தெரிந்ததும் அவர்களுடைய நிறைக் கணக்கில் இடம் மிஞ்சிவிட்டது. மற்றக் குழுக்கள் அதைக் கடன் கேட்டுப் பேரம் பேசின. நான் அனுமதிக்கவில்லை.

இணைப்பு அளவுகளில் ஒரு குழப்பம் நடந்தது. ஒரு குழுவில் கட்டுநர் 10 செ.மீ. என்று பெட்டியின் வெளி அளவைக் குறித்தார். உள்ளே வைக்கும் தட்டை வெட்டியவர் அதையே உள் அளவாக எடுத்துக்கொண்டார். அட்டையின் தடிமன் காரணமாகத் தட்டு உள்ளே போகவில்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்த கதையை அப்போதுதான் சொன்னேன். ஒரு தரப்பு உந்தத்தைப் பவுண்டு-விசை-நொடி அலகில் கொடுக்க, மறு தரப்பு அதை நியூட்டன்-நொடி அலகென்று எடுத்துக்கொண்டதால் அது செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் மிகத் தாழ்வாகப் போய்விட்டது. கதை முடிந்ததும் தட்டை வெட்டிய மாணவர் எழுந்து போய்க் கரும்பலகையில் "வெளி அளவு" என்று எழுதிவிட்டு வந்தார்.

ஏவும்போது ஏற்படும் அதிர்வைத் தாங்குமா என்று பார்க்கும் குலுக்கல் சோதனையில் எட்டில் ஐந்து பெட்டிகள் தோற்றன. பெரிய பெட்டிக்குள் வைத்து ஒரு நிமிடம் குலுக்கியதும் சிறகுகள்தாம் முதலில் கழன்றன. மூடிய நிலையில் ஏவி, மேலே போனபின் விரிக்க வேண்டும் என்று இப்போது மூன்று குழுக்கள் வடிவமைப்பை மாற்றிக்கொண்டிருக்கின்றன. விரியும் கீலை எப்படிச் செய்வது என்பதில் சிக்கியிருக்கிறோம். ஒட்டுநாடாவில் செய்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

பதிவு 14: பசைக்குப்பி

பழைய இரும்பு அளவுநாடா ஒன்று கிடைத்தால் அதைத் துண்டுகளாக வெட்டிக் கீலாகப் பயன்படுத்துங்கள். மடக்கினால் மடங்கும், விட்டால் தானே நிமிர்ந்து விறைத்து நிற்கும். உண்மையான கியூப்சாட்டுகள் பலவற்றில் ஆண்டெனாவே இப்படிப்பட்ட நாடாதான். மடித்த சிறகைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிவிட்டு, "சுற்றுப்பாதையை அடைந்தாயிற்று" என்றதும் நூலை வெட்டுங்கள். அங்கே நைலான் இழையைச் சூடேறும் கம்பியால் உருக்கி அறுப்பார்கள். வெட்டிய நாடாவின் ஓரம் கத்தியைப்போல் இருக்கும். மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் நீங்களே வெட்டி, முனைகளை மடித்துத் துணிநாடாவால் சுற்றிவிடுங்கள். சிறகின் நீளம் பெட்டியின் பக்கத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மடித்தபின் மூலையில் உரசி, நூலை வெட்டினாலும் விரியாது.

பதிவு 15: அறிவியல் ஆசிரியை

அளவுநாடா கிடைத்தது. மூன்று சிறகுகளில் இரண்டு விரிந்தன. மூன்றாவது மூலையில் உரசி நின்றுவிட்டது; அந்தக் குழு இப்போது மாற்றக் குறிப்பேட்டில் இரண்டு மில்லிமீட்டரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறது.